முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க: பிஆர்ஓவுக்கும் ரிப்போர்ட்டருக்கும் ஒரு கைடு

நான் கொஞ்ச வருஷம் ரிப்போர்ட்டரா இருந்தேன், அப்புறம் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு அரசு அலுவலகத்துல மக்கள் தொடர்பு அதிகாரியா, அதாவது பிஆர்ஓவா, வேலை பாத்தேன். அந்த ரெண்டாவது வேலைல ஒரு தடவ பஸ் ஸ்டாண்ட இடம் மாத்துறது பத்தி கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சோம். 100 நாற்காலி போட்டிருந்தோம், வந்தது 11 பேர், அதுல 6 பேர் எங்க ஆபீஸ் ஆளுங்க. நோட்டீஸ் சட்டப்படி ஒட்டியாச்சு, பேப்பர்ல விளம்பரமும் வந்தாச்சு, ஃபைல்ல "கூட்டம் நடத்தப்பட்டது, ஆட்சேபணை ஏதும் இல்லை"ன்னு எழுதியாச்சு. மூணு மாசம் கழிச்சு வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு ரோட்ட அடைச்சுக்கிட்டு 300 பேர் நின்னாங்க. ஸ்டாண்ட் வாசல்ல கடை போட்டிருந்த ஒரு அம்மா என் கையப் புடிச்சு, "கூட்டம் போட்டீங்களாமே சார், எனக்கு ஏன் சொல்லல?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொல்ல வேண்டிய வேலை என்னோடது, நான் செய்யல. அன்னைக்கு அங்க வந்திருந்த ரிப்போர்ட்டர்களும் மூணு மாசத்துக்கு முன்னாடி இதப் பத்தி ஒரு வரி எழுதல, எழுதியிருந்தா அந்த அம்மா கூட்டத்துக்கு வந்திருப்பாங்க.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். அரசாங்கத்த திறந்து வைக்கிறதுன்னா வெப்சைட்ல ஆயிரம் பைல் ஏத்துறது இல்ல. முடிவு இன்னும் எடுக்காம இருக்கும்போதே அது யாரப் பாதிக்குமோ அவங்க காதுக்கு விஷயம் போய்ச் சேரணும், அவங்க சொன்னதுக்கு அப்புறம் பதில் போகணும். இந்த ரெண்டும் நடந்தா மத்தது தானா வரும். ஒண்ணுல பிஆர்ஓ கை அதிகம், இன்னொண்ணுல ரிப்போர்ட்டர் கை அதிகம், ஆனா ரெண்டு பேருமே ரெண்டுலயும் வேணும்.

முதல் கேள்வி: கதவு திறந்திருக்கா?

பிரஸ் ரிலீஸ் டைப் பண்ண உக்காரதுக்கு முன்னாடி பிஆர்ஓ தன்னோட அதிகாரிகிட்ட போய் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: "சார், இதுல எது இன்னும் மாறலாம்?" நேரடியா இப்படியே கேளுங்க. இடம் மாறலாமா, டிசைன் மாறலாமா, தேதி மட்டும் மாறலாமா, இல்ல ஒண்ணுமே மாறாதா? ஒண்ணுமே மாறாதுன்னா அது அறிவிப்பு, அத அறிவிப்புன்னு சொல்லிக் கொடுத்துடுங்க. அதுக்கு "கருத்துக் கேட்பு"ன்னு பேர் வச்சு மக்கள அலைய விடாதீங்க. ஒரு தடவ ஏமாந்தவங்க அடுத்த தடவ உண்மையாவே கதவு திறந்திருக்கும்போது கூட வர மாட்டாங்க.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல. 1998ல டென்மார்க்ல இருக்குற ஆர்ஹுஸ் நகரத்துல சுற்றுச்சூழல் விஷயத்துல தகவல் கேக்குறது, முடிவுல பங்கெடுக்குறது, நீதி கேக்குறதுன்னு மூணு உரிமையையும் சேத்து ஒரு சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அதுலயே எழுதியிருக்கு, எல்லா வழியும் இன்னும் திறந்திருக்குற ஆரம்பக் கட்டத்துலயே மக்கள உள்ள கொண்டு வரணும்னு. அதுக்கும் முன்னாடி 1985ல இங்கிலாந்துல கன்னிங் வழக்குன்னு ஒண்ணு, லண்டன் பிரென்ட் பகுதி கவுன்சில் பள்ளிக்கூடங்கள மூடுற விஷயத்துல கருத்து கேட்ட விதம் சரியில்லன்னு போன வழக்கு. அதுல சொன்ன நாலு விஷயத்த வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் அங்க கோர்ட்டுங்க கருத்துக் கேட்ப எடை போடுது. திட்டம் உருவாகுற கட்டத்துலயே கேக்கணும், யோசிச்சு பதில் சொல்ற அளவுக்கு விவரமும் காரணமும் கொடுக்கணும், போதுமான டைம் கொடுக்கணும், வந்த பதில மனசாட்சியோட பாத்துட்டு முடிவெடுக்கணும். இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி உங்க டேபிள்ல ஒட்டி வைங்க. ஒவ்வொரு ரிலீஸும் வெளிய போறதுக்கு முன்னாடி அதோட ஒத்துப் பாருங்க.

அமெரிக்கால ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன்னு ஒருத்தர் 1969ல மக்கள் பங்கேற்ப எட்டுப் படி ஏணியா வரிசப்படுத்தினாங்க. அதுல அடிப்படில இருக்கறது மக்கள ஆட்டி வைக்கிறது, அதாவது கமிட்டில பேர போட்டு உக்கார வச்சு, எடுத்து முடிச்ச முடிவுக்கு அவங்கள வச்சே சம்மதம் வாங்குறது. பங்கேற்புங்கற பேரையே அதிகாரத்துல இருக்கவங்க தங்களோட பிஆர் கருவியாக்கிக்கிறாங்கன்னு அவங்க நேரடியாவே சொல்லியிருக்காங்க. பிஆர் வேலைல இருக்கவங்க அத படிச்சா வலிக்கும். எனக்கு வலிச்சுது. ஆனா அந்த வலி வேணும், ஏன்னா அந்த அடிப்படில கொண்டு போய் நிறுத்தச் சொல்லி உங்க மேல பிரஷர் வரத்தான் செய்யும்.

காலண்டர் போடுங்க

அடுத்த 6 மாசத்துல என்னென்ன முடிவு வரப்போகுதுன்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதுங்க. விஷயம், இப்போ எந்தக் கட்டம், யார் முடிவு பண்றாங்க, கடைசித் தேதி, யார்கிட்ட பேசணும், அவ்வளவுதான். அத எல்லா ரிப்போர்ட்டருக்கும் ஒரே நாள்ல அனுப்புங்க, பிடிச்சவங்களுக்கு முன்னாடி, பிடிக்காதவங்களுக்கு பின்னாடின்னு வேணாம். நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டுங்க. மேல இருக்கவங்க "இவ்ளோ சீக்கிரம் சொன்னா பிரச்சனை பண்ணுவாங்க"ன்னு தடுப்பாங்க. அவங்களுக்கு என்னோட பதில், பிரச்சனை எப்படியும் வரும் சார், பேப்பர்ல இருக்கும்போது வந்தா ரப்பர் போதும், கட்டடம் எழுந்தப்புறம் வந்தா புல்டோசர் வேணும்.

ரிப்போர்ட்டர் பக்கம் இந்த காலண்டர் கிடைக்கலன்னா நீங்களே போட்டுக்கோங்க. அஜெண்டா, டெண்டர் அறிவிப்பு, பட்ஜெட் புத்தகம், போன கூட்டத்தோட மினிட்ஸ், இந்த நாலுல இருந்தே முக்காவாசி வந்துடும். அஜெண்டா முன்கூட்டியே தரமாட்டேங்குறாங்கன்னா அதுவே ஒரு செய்தி. 1952ல சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகைல மைக்கேல் ஹாரிஸ்ங்கற ரிப்போர்ட்டர், உள்ளாட்சி அமைப்புகள் மக்களுக்குத் தெரியாம ரகசியமா கூடி முடிவெடுக்குறத பத்தி 10 பகுதித் தொடர் எழுதினார். அடுத்த வருஷமே, 1953ல, கலிபோர்னியால பிரவுன் சட்டம் வந்துச்சு. இன்னைக்கு அங்க உள்ளாட்சியோட வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா ஒட்டியே ஆகணும், அதுல இல்லாத விஷயத்துல பொதுவா முடிவெடுக்கக் கூடாது. தனியா ஒரு பெரிய ஊழல புடிச்சதால வந்த சட்டம் இல்ல அது, "எங்கள ஏன் உள்ள விடல"ங்கற கேள்விய விடாம கேட்டதால வந்தது.

நோட்டீஸ எப்படி எழுதறது

இதுல கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன், ஏன்னா பாதி வேலை இங்கதான் கெட்டுப் போகுது. நாங்க அன்னைக்கு ஒட்டின நோட்டீஸ் கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு:

"பேருந்து நிலைய இடமாற்றம் தொடர்பாக ஆட்சேபணைகள் மற்றும் ஆலோசனைகள் ஏதேனும் இருப்பின், சம்பந்தப்பட்டவர்கள் இவ்வறிவிப்பு வெளியான 15 தினங்களுக்குள் அலுவலக வேலை நேரத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்ளலாம்."

தப்பான வரி ஒண்ணும் இல்ல. ஆனா கடை வச்சிருக்கவங்க இதப் படிச்சா இது தன்னப் பத்தினதுன்னு தெரியுமா? "சம்பந்தப்பட்டவர்கள்"ங்கற வார்த்தை யாரையும் கூப்பிடாது. வேலை நேரத்துல எழுதிக் கொண்டு வரணும்னா அன்னைக்கு கடைய மூடணும். அதே நோட்டீஸ இன்னைக்கு எழுதச் சொன்னா இப்படி எழுதுவேன்:

"பஸ் ஸ்டாண்டை இப்போது இருக்கும் இடத்திலிருந்து மாற்றலாமா என்று யோசிக்கிறோம். இன்னும் முடிவு செய்யவில்லை. 3 இடங்கள் பார்த்திருக்கிறோம், வரைபடம் கீழே இருக்கிறது. மாற்றாமல் இங்கேயே சரிசெய்வதும் ஒரு வழி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் போட்டிருக்கிறோம். வாசலில் உள்ள கடைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதும் முடிவாகவில்லை. 20ஆம் தேதி மாலை 7 மணிக்கு ஸ்டாண்டிலேயே கூட்டம். வரமுடியாவிட்டால் போனில் சொல்லுங்கள், எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். நீங்கள் சொன்னதற்கான பதிலை அடுத்த மாதம் 25ஆம் தேதி இதே பலகையில் ஒட்டுவோம்."

எது மாறியிருக்குன்னு பாருங்க. "இன்னும் முடிவு செய்யவில்லை"ங்கறது இருக்கு, அது பொய்யா இருந்தா போடவே கூடாது. கூட்டம் ஆபீஸ்ல இல்ல, விஷயம் நடக்குற இடத்துலயே. மாத்தாம இருக்கறதும் ஒரு வழின்னு ஒத்துக்கிட்டிருக்கு. ரொம்ப முக்கியமா பதில் எப்போ எங்க வரும்னு தேதி இருக்கு, அந்த தேதி ஆபீஸோட கழுத்துக்கு ஒரு கயிறு மாதிரி, அதனாலதான் அதப் போட அதிகாரிங்க தயங்குவாங்க, அதனாலயே நீங்க விடாம போடணும். எழுதி முடிச்சதும் ஆபீஸுக்கு வெளிய இருக்குற யாராவது ரெண்டு பேருக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, "இதுல உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"ன்னு கேளுங்க. அவங்க சரியா சொன்னா நோட்டீஸ் ரெடி, இல்லன்னா திரும்ப எழுதுங்க.

ரிப்போர்ட்டர் என்ன எழுதணும்

"கூட்டம் நடந்தது, இன்னார் தலைமை தாங்கினார், பலர் கலந்துகொண்டனர்"ங்கற செய்திய நானும் நூத்துக்கணக்குல எழுதியிருக்கேன். அதப் படிச்சு வாசகர் ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா எல்லாம் முடிஞ்சு போச்சு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடி வர்ற செய்திதான் அவர எழுந்து போக வைக்கும். அதுல நாலு விஷயம் கட்டாயம் வேணும்னு நான் நினைக்கிறேன்: என்ன மாறப்போகுது, யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம், வேற என்ன வழியெல்லாம் இருக்கு, நீங்க பேசணும்னா எங்க எப்போ. கடைசி விஷயத்த நிறைய எடிட்டருங்க இடம் இல்லன்னு வெட்டிடுவாங்க. சண்டை போட்டாவது வைங்க.

அப்புறம் கேள்விகள எங்கேந்து எடுக்குறோம்ங்கறது. அதிகாரி கொடுத்த ரிலீஸ்லேந்து எடுத்தா அதிகாரிக்கு வசதியான கேள்விதான் வரும். 1992ல அமெரிக்கால சார்லட் அப்சர்வர் பத்திரிகை தேர்தல் செய்திக்கு முன்னாடி வாசகர்கள்கிட்ட சர்வே எடுத்து, உங்களுக்கு எதெல்லாம் முக்கியம்னு கேட்டு, அந்தக் கேள்விகளோட வேட்பாளர்கள்கிட்ட போச்சு. பெரிய பத்திரிகைதான் செய்யணும்னு இல்ல, திட்டம் வர்ற இடத்துல ஒரு நாள் சாயங்காலம் நின்னு 20 பேர்கிட்ட "இதுல உங்களுக்கு என்ன தெரியணும்?"னு கேட்டாலே போதும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டா கோவமோ பாராட்டோ வரும், "என்ன தெரியணும்?"னு கேட்டா நல்ல கேள்வி வரும், அதுல ஒரு மூணாவது உங்களுக்கே தோணாத கேள்வியா இருக்கும்.

ஆவணத்த மக்கள் முன்னாடி சத்தமா வாசிக்கறது மாதிரி ஒரு ஆயுதம் கிடையாது. 1994லேந்து ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பு ஜன் சுன்வாய்ங்கற பேர்ல கிராமங்கள்ல பொது விசாரணைக் கூட்டம் நடத்துச்சு. பஞ்சாயத்து வேலைக் கணக்கு, கூலிப் பட்டியல், பில்லு இதெல்லாம் ஊர் முன்னாடி பேர் பேரா வாசிச்சாங்க. கணக்குல கூலி வாங்கினதா இருக்குற ஆளே எழுந்து "நான் அங்க வேலையே செய்யல"ன்னு சொல்லும்போது அதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும். "எங்க பணம், எங்க கணக்கு"ங்கற அவங்க கோஷத்துலேந்து கிளம்பின போராட்டம்தான் 2005ல இந்தியாவோட தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரைக்கும் வந்துச்சு. அந்தச் சட்டத்துல பொதுவா 30 நாள்ல பதில் கொடுக்கணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதோட 4வது பிரிவு, யாரும் கேக்காமலே அலுவலகம் தானா முன்வந்து வெளியிட வேண்டிய தகவல்கள பட்டியல் போட்டிருக்கு. பிஆர்ஓவுக்கு அந்தப் பிரிவு ஒரு நல்ல கவசம். "நான் வெளியிட ஆசப்படல சார், சட்டம் சொல்லுது"ன்னு மேலதிகாரிகிட்ட சொல்லலாம்.

எல்லாக் கூட்டத்துக்கும் போக ஆள் இல்லன்னு ரிப்போர்ட்டருங்க சொல்றது நெஜம்தான். சிகாகோல சிட்டி பியூரோன்னு ஒரு அமைப்பு சாதாரண மக்களுக்கு டிரெயினிங் கொடுத்து, காசும் கொடுத்து, அரசுக் கூட்டங்கள்ல உக்காந்து குறிப்பெடுக்க அனுப்புது. நம்ம அளவுல காலேஜ் பசங்க, ரிட்டயர் ஆனவங்கன்னு நாலு பேர சேத்தாலே ஒரு வருஷத்துல எவ்வளவோ கூட்டம் கவராகும்.

ரெண்டு பேருக்கும் நடுவுல

1766ல ஸ்வீடன் கொண்டு வந்த சட்டத்த நான் அடிக்கடி நெனச்சுப் பாப்பேன். பத்திரிகை சுதந்திரமும், அரசு ஆவணத்த யாரும் பாக்கலாம்ங்கறதும் ஒரே சட்டத்துக்குள்ள இருந்துச்சு. எழுதுற உரிமை இருந்து பாக்குற உரிமை இல்லன்னா என்னத்த எழுதறது? அதனால பிஆர்ஓவும் ரிப்போர்ட்டரும் நண்பராவும் இருக்க வேணாம், எதிரியாவும் இருக்க வேணாம், ஒருத்தர் வேலை இல்லாம இன்னொருத்தர் வேலை நடக்காதுன்னு தெரிஞ்சா போதும்.

பிஆர்ஓவுக்கு: தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க, "4 மணிக்குள்ள கேட்டு சொல்றேன்"ன்னா 4 மணிக்கு போன் பண்ணுங்க, பதில் கிடைக்கலன்னாலும் கிடைக்கலன்னு சொல்லவாவது பண்ணுங்க. கெட்ட செய்திய நீங்களே முதல்ல சொல்லுங்க. 1906ல அமெரிக்கால பென்சில்வேனியா ரயில்வேல ஒரு பெரிய விபத்து, அதுவரைக்கும் கம்பெனிங்க விபத்த மூடி மறைக்கறதுதான் வழக்கம், ஐவி லீங்கற பிஆர் ஆள் ரிப்போர்ட்டர்கள விபத்து நடந்த இடத்துக்கே வரவழைச்சு விவரம் கொடுத்தார். நான் இத லேட்டா கத்துக்கிட்டேன். எங்க ரிலீஸ்ல ஒரு செலவுக் கணக்கு தப்பா போயிடுச்சு, ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தோம், மூணாவது நாள் ஒரு ரிப்போர்ட்டரே கண்டுபிடிச்சு எழுதினாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷம் நாங்க கொடுத்த சரியான நம்பரையும் யாரும் நம்பல. முதல் நாளே "தப்பு எங்களோடது, சரியான கணக்கு இது"ன்னு ரெண்டு வரி அனுப்பியிருக்கணும்.

ரிப்போர்ட்டருக்கு: ரிலீஸ அப்படியே போடாதீங்க. பிஆர்ஓ கொடுக்குற அன்பளிப்பு வேணாம். பேரச் சொல்லாம எழுதச் சொன்னா ஏன்னு கேளுங்க, மக்கள் வரிப்பணத்துல நடக்குற திட்டத்த விளக்குறதுக்கு பேர மறைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. எதிர்ப்பு எவ்வளவு பெருசா எழுதறீங்களோ அதே அளவு அந்தத் திட்டம் ஏன் வந்துச்சுங்கறதையும் எழுதுங்க, இல்லன்னா வாசகர் தீர்ப்பு சொல்ல அரைக் கதைதான் கையில இருக்கும்.

வராதவங்கள எண்ணுங்க. வந்தவங்க லிஸ்ட்ட எல்லாரும் வச்சிருப்பாங்க. குழந்தைய விட்டுட்டு வர முடியாதவங்க, தினக்கூலிக்குப் போறவங்க, மாடிப்படி ஏற முடியாதவங்க, கூட்டத்துல பேசுற மொழி வராதவங்க, இவங்க யாரும் இல்லாத கூட்டத்துல எடுத்த கருத்த "மக்கள் கருத்து"ன்னு ரெண்டு பேருமே எழுதக் கூடாது.

நீங்க சொன்னது என்னாச்சு

நான் பாத்த வரைக்கும் எல்லாரும் கைவிடுறது இங்கதான். கருத்து கேப்போம், பெட்டில போடுவோம், பெட்டி பரணுக்குப் போகும். பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989ல பட்ஜெட்ல ஒரு பகுதிய மக்களே கூடி முடிவு பண்ற முறைய ஆரம்பிச்சப்போ முதல் ரெண்டு வருஷம் கூட்டம் பெருசா சேரல. தாங்க கேட்ட ரோடும் சாக்கடையும் கண் முன்னாடி வர ஆரம்பிச்சப்புறம்தான் ஆயிரக்கணக்குல வந்தாங்க. எந்த ஏரியால என்ன வேலைக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு வருஷா வருஷம் புத்தகமா அச்சடிச்சும் கொடுத்தாங்க, அத கையில வச்சுக்கிட்டு மக்கள் கேள்வி கேட்டாங்க.

அதனால பதில் பட்டியல் போடுங்க. பெருசா ஒண்ணும் இல்ல, மக்கள் சொன்னது, எங்க முடிவு, காரணம், அவ்வளவுதான். "கழிப்பறை 2 பத்தாது, 4 வேணும்: ஏத்துக்கிட்டோம், டிசைன் மாத்தியாச்சு." "கடைகள வாசல்லயே விடணும்: பாதி ஏத்துக்கிட்டோம், பஸ் திரும்புற இடத்துல மட்டும் முடியாது, ஏன்னா ஆள் நடக்க வழி இல்ல." "இடமே மாத்தக் கூடாது: ஏத்துக்கல, காரணம் இது, செலவுக் கணக்கு இது." முடியாதுன்னு சொல்றதுக்கு பயப்படாதீங்க. காரணத்தோட வர்ற "முடியாது"வ மக்கள் திட்டிக்கிட்டேயாவது ஏத்துக்குவாங்க, அமைதியத்தான் மன்னிக்க மாட்டாங்க. "பரிசீலிக்கப்படும்"ங்கற வார்த்தை மட்டும் அந்தப் பட்டியல்ல வரவே கூடாது.

ரிப்போர்ட்டர் இந்தப் பட்டியல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, டைரில 6 மாசம் தள்ளி ஒரு தேதி குறிச்சுக்கோங்க. அன்னைக்கு பட்டியலோட இடத்துக்குப் போங்க, ஒவ்வொரு வரியா டிக் அடிங்க. 4 கழிப்பறைன்னு ஒத்துக்கிட்டு 2 இருந்தா அத எழுதுங்க, 4ம் இருந்து தண்ணியும் வந்தா அதையும் அதே பக்கத்துல அதே அளவுல எழுதுங்க. பிஆர்ஓ அந்தச் செய்தி நல்லதோ கெட்டதோ, வெட்டி எடுத்து அடுத்த கருத்துக் கேட்பு நோட்டீஸுக்கு மேல ஒட்டுங்க, போன தடவ கேட்டது, நடந்தது, நடக்காதது எல்லாம் அதுல இருக்கட்டும், அதுக்குக் கீழ புதுக் கூட்டத்தோட தேதியப் போடுங்க.